பான்ஸ்கோவில் ஸ்கீ அபார்ட்மென்ட்: வாங்க மலிவு, வைத்திருக்க மலிவில்லை

ஐரோப்பாவில் பனிச்சறுக்கு ஊர் ஒன்றில் சொந்தமாக ஒரு பிளாட் வாங்கலாம் என்று தேடத் தொடங்கினால், விலையைப் பார்த்ததும் கண் நிற்கும் ஊர் பல்கேரியாவின் பான்ஸ்கோ. பிரான்சிலோ ஆஸ்திரியாவிலோ ஒரு சிறு ஸ்டுடியோவுக்கு (ஒற்றை அறை வீடு) கேட்கும் தொகையில் ஒரு பங்கு இருந்தால் போதும், இங்கே நீச்சல் குளம், சவுனா, வரவேற்பறை எல்லாம் உள்ள வளாகத்தில் படுக்கையறையோடு வீடு கிடைக்கும். ஊரும் நல்ல ஊர்தான். ஊரை ஒட்டிய பிரின் தேசியப் பூங்கா 1983 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பழைய ஊர்ப்பகுதியின் கல் வீடுகளும் மெகானா எனப்படும் உணவகங்களும் போலி அலங்காரமல்ல. ஆனால் முதலீடு என்ற ஒற்றைக் கேள்வியை வைத்துப் பார்த்தால் எங்கள் தீர்ப்பு கறாரானது: விற்பனைக்கு வரும் பிளாட்டுகளில் பெரும்பாலானவற்றை வாங்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட வகையை மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கலாம். காரணம், இங்கே ஏமாற்றுவது விலையல்ல, வாங்கிய பிறகு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம்.

எல்லாமே கொண்டோலாவைச் சுற்றி

ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 930 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நல்ல பனி கிடைப்பது மேலே, பந்தெரிஷ்கா பொல்யானா என்ற மலைவெளியைச் சுற்றி 1,600 மீட்டரில் தொடங்கி 2,600 மீட்டர் வரை. ஊரிலிருந்து அங்கே போக ஒரே ஒரு கொண்டோலா, அதாவது கம்பிவடத்தில் தொங்கிப் போகும் பெட்டிகள். ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம், எட்டுப் பேர் அமரும் பெட்டிகள், 20 நிமிடத்துக்கு மேல் பயணம். கிறிஸ்துமஸ் முதல் பிப்ரவரிக் கடைசி வரை காலை எட்டரை மணிக்கு ஊரிலுள்ள கீழ் நிலையத்தில் நிற்கும் வரிசைதான் இந்த ஊரின் பெயரைக் கெடுக்கிறது. மலைப்பாதை வழியாகக் காரில் ஏறிவிடலாம். ஆனால் வாடகைக்கு வரும் வெளிநாட்டு விருந்தினர் பலரிடம் கார் இருக்காது.

இரண்டாவது கொண்டோலா வரப்போகிறது என்று தரகர்கள் சொல்வார்கள். அதை நம்பி ஒரு யூரோ கூட அதிகம் கொடுக்காதீர்கள். தடை பணம் மட்டுமல்ல. சறுக்குத் தடங்கள் பிரின் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. பூங்காவின் மேலாண்மைத் திட்டத்தை 2017 டிசம்பரில் அரசு திருத்தியபோது, மறு ஆண்டே தலைநகர் சோபியாவில் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். கட்டுமானம் எதுவானாலும் அந்தச் சண்டையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஆகவே, ஸ்கீ வாடகைக்கு என்றால் கொண்டோலாவின் கீழ் நிலையத்திலிருந்து நடை தூரம் மட்டுமே கணக்கு. ஸ்கீ பூட்டைப் போட்டுக்கொண்டு, பலகைகளைத் தோளில் சுமந்து, பனி உறைந்த நடைபாதையில் 500 மீட்டருக்கு மேல் யாரும் விரும்பி நடப்பதில்லை. "இலவச ஷட்டில் உண்டு" என்ற வாக்கியம் விளம்பரத்தில் இருந்தால், அந்த வளாகம் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். பக்கத்து ஊரான ராஸ்லோக் பக்கம் பள்ளத்தாக்கில் விரிந்து கிடக்கும் கோல்ஃப் வளாகங்கள் பார்க்க அழகானவை, கோடையில் தங்கச் சுகமானவை. ஸ்கீ முதலீடாக அவற்றை எண்ண வேண்டாம்.

பராமரிப்புக் கட்டணம்

2003-க்கும் 2008-க்கும் இடையில் பான்ஸ்கோவில் கட்டடங்கள் வெறிகொண்டதுபோல் எழுந்தன. பல்கேரியா 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் பிரிட்டன், அயர்லாந்து, ரஷ்யாவிலிருந்து பணம் கொட்டியது. விற்பனைக்குக் கவர்ச்சி வேண்டும் என்று ஒவ்வொரு வளாகத்திலும் உட்புற நீச்சல் குளம், ஜிம், உணவகம் வைத்தார்கள். 2008 நெருக்கடியில் வாங்குவோர் மறைந்தார்கள். குளங்கள் மட்டும் மிஞ்சிவிட்டன. அவற்றைச் சூடாக்க, லிப்டை ஓட்ட, பனியை அள்ள ஆகும் செலவு, உரிமையாளர்கள் தலையில் சதுர மீட்டர் கணக்கில் விழுகிறது. வளாகத்துக்கு வளாகம் மாறினாலும் ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 8 முதல் 15 யூரோ வரை கேட்பது சாதாரணம்.

இது பரப்பளவின் மீது விதிக்கப்படுவது, விலையின் மீது அல்ல என்பதைக் கவனியுங்கள். ஒரு பிளாட்டின் விலை பாதியாகக் குறைந்தாலும் கட்டணம் குறையாது. அதனால்தான் மிக மலிவான பிளாட்டே முதலீடாக மிக மோசமானதாக இருக்கிறது. 25,000 யூரோவுக்கு வரும் ஸ்டுடியோவுக்கு ஆண்டுக்கு 550 யூரோ பராமரிப்பு என்றால், வாடகை ஒரு காசு வருமுன்பே விலையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது. உரிமையாளர் ஏன் இவ்வளவு மலிவாக விற்கிறார் என்பதற்கு வேறு விடை தேட வேண்டியதில்லை.

இன்னொரு நுணுக்கம், கட்டணத்துக்கான பரப்பளவு எது என்பது. நம்மூர் சூப்பர் பில்ட்-அப் கணக்கு அங்கேயும் உண்டு. பத்திரத்தில் வரும் மொத்தப் பரப்பில் படிக்கட்டு, நடைவழி, வரவேற்பறை ஆகியவற்றின் பங்கும் சேர்ந்திருக்கும். 60 சதுர மீட்டர் என்று விளம்பரத்தில் வரும் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடிய இடம் 50 தான் இருக்கும். குளமும் உணவகமும் பெரிதாக உள்ள வளாகங்களில் இந்த இடைவெளி இன்னும் கூடும். விலையை உட்பரப்பால் வகுத்துப் பாருங்கள். கட்டணத்தை எந்தப் பரப்புக்கு வசூலிக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

சட்டப்படி இந்தக் கட்டணம் எதிலிருந்து பிறக்கிறது என்பதும் முக்கியம். சாதாரணக் கட்டடத்தில் உரிமையாளர் கூட்டம் கூடி வாக்களித்துத் தொகையை முடிவு செய்யும். சுற்றுச்சுவர் போட்ட, நுழைவுக் கட்டுப்பாடுள்ள வளாகத்தில் கட்டியவருக்கும் உரிமையாளருக்கும் இடையே பராமரிப்பு ஒப்பந்தம் போடலாம். கையெழுத்தை நோட்டரி சான்றளித்து, சொத்துப் பதிவேட்டில் பதிந்துவிட்டால், அடுத்து வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். முந்தைய உரிமையாளர் ஒப்புக்கொண்ட விலை உயர்வு விதியை நீங்கள் கிரயம் முடிந்த பிறகுதான் முதன்முறை படிப்பீர்கள் என்ற நிலை வரக் கூடாது. கிரயத்துக்கு முன்பே ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். கூடவே கடந்த மூன்று ஆண்டுக் கட்டண ரசீதுகள், பாக்கி இல்லை என்ற நிர்வாகத்தின் சான்று, உரிமையாளர்களில் எத்தனை பேர் கட்டாமல் இருக்கிறார்கள் என்ற விவரம். கடைசி விவரத்தைத் தர மறுத்தால் அந்த வளாகத்தை விட்டுவிடுவது நல்லது. மூன்றில் ஒருவர் கட்டாத கட்டடத்தில் முதலில் குளம் மூடும், பிறகு லிப்ட் நிற்கும், கடைசியில் கூரை ஒழுகும்.

மின்சார மீட்டர் யார் பெயரில் என்றும் பாருங்கள். சோபியாவையும் மேற்குப் பல்கேரியாவையும் பார்த்துக்கொள்ளும் மின்விநியோக நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தம் இருந்தால் கவலையில்லை. மீட்டர் வளாக நிர்வாகத்தின் பெயரில் இருந்து, அவர்கள் உங்களுக்கு விற்கும் ஏற்பாடு என்றால், விலையும் அவர்கள் கையில், சுவிட்சும் அவர்கள் கையில். கட்டணத் தகராறு வரும்போது இருட்டில் இருக்கப்போவது உங்கள் வாடகைக்காரர்.

கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு. படுக்கையறை ஒன்று, பத்திரப் பரப்பு 60 சதுர மீட்டர், விலை 60,000 யூரோ, வாங்கும் செலவோடு 64,000 என்று வைத்துக்கொள்வோம். பருவம் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. அதில் 55 இரவு, சராசரி 50 யூரோவுக்குப் போனால் 2,750. கோடையில், ஆகஸ்ட் ஜாஸ் விழாவை ஒட்டியும் மலையேற்றக்காரர்களாலும் 30 இரவு, 35 யூரோ வீதம் 1,050. மொத்தம் 3,800. பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிக்கு 25 விழுக்காடு, 950. முன்பதிவுத் தளத்துக்கு 15 விழுக்காடு, 570. மீதி 2,280. இதிலிருந்து பராமரிப்பு சதுர மீட்டருக்கு 12 யூரோ வீதம் 720, மின்சாரம், தண்ணீர், இணையம் 600, சொத்துவரியும் குப்பைக் கட்டணமும் 100, காப்பீடு 60, மெத்தை, பாத்திரம், பழுதுக்கு ஒதுக்கீடு 300. 500 நிற்கும். வாடகை வருமானத்துக்குப் பல்கேரிய வரி 10 விழுக்காடு, 380. கையில் வருவது ஆண்டுக்கு 120 யூரோ.

இரவு வாடகையை 65 ஆக்கினால் படம் மாறும் என்று தோன்றும். ஆனால் பான்ஸ்கோவில் உங்கள் போட்டியாளர் அடுத்த தெரு ஹோட்டல் அல்ல. உங்கள் வளாகத்திலேயே அதே தளபாடத்தோடு இருக்கும் நூறு பிளாட்டுகள். லாபத்தை எதிர்பார்க்காமல் பராமரிப்புக் கட்டணம் மட்டும் வந்தால் போதும் என்று விலையைக் குறைக்கும் உரிமையாளர் எப்போதும் ஒருவர் இருப்பார்.

அதே வீட்டை மாத வாடகைக்கு விட்டால்? பத்தாண்டாக வெளிநாடுகளிலிருந்து கணினி வேலை செய்பவர்கள் இங்கே குவிகிறார்கள். 2016 முதல் அவர்களுக்கென்றே பகிர்வு அலுவலகங்கள் நடக்கின்றன. மாதம் 350 யூரோ, ஆண்டில் 10 மாதம் என்றால் 3,500. பார்த்துக்கொள்பவருக்கு 350, பராமரிப்பு 720, வரி 350, சொத்துவரி 100, காப்பீடு 60, பழுது 200. மின்சாரம் குடியிருப்பவர் பொறுப்பு. மீதி 1,720, அதாவது போட்ட 64,000-இல் 2.7 விழுக்காடு. பெரிய தொகையல்ல, ஆனால் ஸ்கீ வாடகையைவிடப் பன்மடங்கு. ஸ்கீ அபார்ட்மென்டை ஸ்கீக்காரர்களுக்கு விடாமல் இருப்பதே இங்கே நல்ல வணிகம். இந்த வாடகைக்காரர்கள் குளம் கேட்பதில்லை. வேகமான இணையம், உட்கார்ந்து வேலை செய்ய மேசை, குளிர்காலத்தில் கட்டுப்படியாகும் வெப்பச் செலவு, நடந்தால் கடை. அதனால் அவர்கள் விரும்பும் பிளாட் வேறு, விளம்பரங்கள் தள்ளிவிடப் பார்க்கும் பிளாட் வேறு.

உத்தரவாத வாடகை என்று ஒரு திட்டம் புதுக் கட்டடங்களில் வரும். ஆண்டுக்கு இவ்வளவு விழுக்காடு, இத்தனை ஆண்டுக்கு என்று கட்டுநர் எழுதிக் கொடுப்பார். அந்தத் தொகை ஏற்கெனவே விலையில் ஏற்றப்பட்டிருக்கும். உங்கள் பணமே தவணையில் திரும்பி வருகிறது. கட்டுநர் நொடித்தால் அதுவும் நின்றுவிடும். பக்கத்திலேயே அதே தரத்தில் மறுவிற்பனைக்கு வரும் பிளாட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஏற்றிய தொகை எவ்வளவு என்பது உடனே தெரியும்.

பத்திரம்

ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் அல்லாதவர் பல்கேரியாவில் நிலத்தைத் தன் பெயரில் வாங்க முடியாது, அடுக்ககத்தில் வீடு வாங்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும், பிரெக்சிட்டுக்குப் பிறகு லண்டன் தமிழர்களின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கும் இதுதான் நிலை. பாரிசிலோ ஜெர்மனியிலோ குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நம்மூரில் யூடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப்பங்கு) எவ்வளவு என்று முதலில் கேட்போம். அங்கே அயலார் வாங்கும் பத்திரத்தில் நிலப்பங்குக்குப் பதிலாகக் கட்டும் உரிமையும் பொதுப் பகுதிகளின் பங்கும் வரும். வரைவில் நிலப்பங்கு எழுதியிருந்தால் வழக்கறிஞர் அதைச் சரிசெய்த பிறகே மேலே போக வேண்டும்.

வில்லங்கச் சான்றை விற்பவரிடம் வாங்காதீர்கள். உங்கள் வழக்கறிஞர் பதிவு முகமையிலிருந்து நேராக எடுக்கட்டும், கிரயத்தன்று காலையில் மறுபடியும் எடுக்கட்டும். பான்ஸ்கோவில் இது சம்பிரதாயமல்ல. கட்டுநர் வாங்கிய வங்கிக் கடனுக்குக் கட்டடம் முழுவதும் அடமானத்தில் இருந்த கதைகள் இங்கே ஏராளம். கட்டடம் புதிதென்றால் ஆக்ட் 14, 15, 16 என்ற மூன்று தாள்களின் பெயரைக் கேட்பீர்கள். 14 எலும்புக்கூடு எழுந்துவிட்டது என்பதற்கு, 15 கட்டுநர் ஒப்படைத்தார் என்பதற்கு, 16 தான் குடியிருக்கலாம் என்பதற்கு. 16 இல்லாத கட்டடத்துக்கு நிரந்தர மின்னிணைப்பே சிக்கலாகும். "அடுத்த மாதம் வந்துவிடும்" என்ற 16-க்கு முழுப் பணம் தர வேண்டாம்.

முதனிலை ஒப்பந்தத்துக்கு வழக்கமாக 10 விழுக்காடு முன்பணம். மீதிப் பணத்தை விற்பவர் கணக்குக்கு நேரே அனுப்பாமல் நோட்டரியின் தனிக் கணக்கில் போட்டு, பதிவு முடிந்ததும் விடுவிக்கும் ஏற்பாட்டைக் கேளுங்கள். பல்கேரிய மொழி தெரியாதவர் கையெழுத்திடும்போது மொழிபெயர்ப்பாளர் உடன் இருக்க வேண்டும். நேரில் போக முடியாவிட்டால் பவர் பத்திரம், வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு வைக்கும் அப்போஸ்டில் முத்திரையோடு. நகராட்சியின் கைமாற்று வரி 3 விழுக்காடு வரை போகும். அதோடு நோட்டரி, பதிவு, வழக்கறிஞர், தரகர் என்று விலையில் 5 முதல் 8 விழுக்காடு ஒதுக்குங்கள். பதிவுக்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் நகராட்சியில் சொத்துவரிக்கு அறிவிக்க வேண்டும். இதை மறந்துவிடுபவர்கள் பலர்.

பிளாட் வாங்கினால் விசா கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜனவரி முதல் பல்கேரியா, உள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் கூட்டமைப்பில் முழு உறுப்பு நாடு. 180 நாளில் 90 நாள் என்ற பொதுக் கணக்குக்குள்தான் உங்கள் சொந்த வீட்டிலும் தங்க முடியும்.

வீட்டுக்குள்

பிப்ரவரியில் பார்த்தால் எல்லா வளாகமும் களைகட்டியிருக்கும். நவம்பரிலோ ஏப்ரல் கடைசியிலோ போய்ப் பாருங்கள். நடைவழி விளக்கு எரிகிறதா, லிப்ட் ஓடுகிறதா, குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். மேல்தளச் சாய்கூரை வீடுகள் மலிவாக வரும். கூரையில் உருகிய நீர் விளிம்பில் மறுபடி உறைந்து அணைகட்டி, ஓட்டுக்கு அடியில் புகுந்து இறங்கும். சன்னலுக்கு மேல் மூலையில் புதுச் சுண்ணாம்பு மட்டும் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். தரைத்தளத்தில், வடக்குப் பார்த்த சுவரில் அலமாரியை நகர்த்திப் பாருங்கள், பூஞ்சணம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வெப்பம் எதிலிருந்து வருகிறது என்பது வாடகைக் கணக்கையே தீர்மானிக்கும். சுவரில் மாட்டிய மின் பேனல் மட்டும் உள்ள வீட்டில் ஜனவரி மின்கட்டணம் வாடகைக்காரரைத் துரத்திவிடும். இன்வெர்ட்டர் ஏசி இருந்தால், அது மைனஸ் 15 டிகிரியிலும் இயங்கும் வகையா என்று பாருங்கள். ஆள் இல்லாத குளிர்கால வாரங்களில் குழாய் வெடிப்பதுதான் இங்கே மிகப் பொதுவான சேதம். பிரதான வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடித்து, பாய்லரைக் காலி செய்து, ஹீட்டரை உறைபனித் தடுப்பு நிலையில் விட்டுப் போக ஒருவர் வேண்டும். அந்த ஆளை வாங்குமுன்பே கண்டுபிடியுங்கள்.

இந்தியாவிலிருந்து அனுப்பும்போது

தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். இந்த விலைக்கு அது தாராளம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் பகுதிக்கு வங்கி 20 விழுக்காடு டிசிஎஸ் (அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடிக்கும். வரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் முடங்கும். நிலத்தடையைத் தாண்ட அங்கே ஒரு கம்பெனி தொடங்குங்கள் என்று பல்கேரியத் தரகர் சொல்வது இந்தியவாசிக்குப் பொருந்தாது. அது வெளிநாட்டு நேரடி முதலீடாகிவிடும், சொத்து வாங்கி விற்கும் கம்பெனியில் அந்த முதலீட்டுக்கே தடை. உங்கள் பெயரில் அடுக்ககம் மட்டும் வாங்குங்கள். ஆண்டுதோறும் வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டுங்கள். காட்டாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் இடமிருக்கிறது. அங்கே கட்டிய வரிக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி இங்கே வரவு கேட்கலாம். பல்கேரியா 2026 ஜனவரி 1 முதல் யூரோவுக்கு மாறிவிட்டதால், இனி பார்க்க வேண்டியது ரூபாய்-யூரோ மாற்று மட்டுமே.

எதை வாங்கலாம்

நடு ஊரில், குளம் இல்லாத சிறு கட்டடம். இருபது வீட்டுக்கு உட்பட்டது, பாதிப் பேராவது ஆண்டு முழுதும் குடியிருப்பவர்கள், பராமரிப்புக் கட்டணம் உரிமையாளர் கூட்டம் வைத்தது, சதுர மீட்டருக்கு 5 யூரோவுக்குள். தனி மின்மீட்டர், ஆக்ட் 16, இரண்டாவது அல்லது மூன்றாவது தளம், தெற்குப் பார்த்த படுக்கையறை வீடு. சதுர மீட்டர் விலை குள வளாகங்களைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், கொடுக்கலாம். மேலே போட்ட மாத வாடகைக் கணக்கில் 720-ஐ 300 ஆக மாற்றினால் மீதி 2,140, அதாவது அதே 64,000-இல் 3.3 விழுக்காடு. விற்கும்போது வாங்க வருபவர்களில் உள்ளூர்க்காரர்களும் சோபியாக்காரர்களும் இருப்பார்கள். குள வளாகத்து ஸ்டுடியோவை விற்கப் போனால் உங்களுக்கு முன்னால் அதே கட்டடத்தில் பத்துப் பேர் நிற்பார்கள்.

பேரம் பேச நல்ல காலம் ஏப்ரல் கடைசி, மே. குளிர்காலம் முடிந்து, கையில் வந்த வாடகையையும் கட்ட வேண்டிய கட்டணத்தையும் உரிமையாளர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நேரம் அது.